சரிபாதி பிரித்தாலும் பெண்ணுக்கு ஏன் குறைகிறது? விவாகரத்துக்குப் பிறகான பணக் கணக்கு

விவாகரத்து முடிந்த மூன்றாவது வாரம் என் அக்கா ஒரு அட்டைப்பெட்டியைத் தரையில் கவிழ்த்தாள். பதினெட்டு வருஷக் குடும்பத்தின் காகிதங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அவள் பெயர் எதில் எல்லாம் இருக்கிறதோ அதைத் தனியாக எடுத்து வைப்போம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்தோம். வீட்டுப் பத்திரத்தில் இல்லை, வண்டியில் இல்லை. சேமிப்புக் கணக்கு கூட்டுக் கணக்குதான், ஆனால் பதிவு செய்திருந்த போன் நம்பர் அவள் கணவருடையது, அதனால் அக்கா பணம் எடுக்க உட்கார்ந்தால் ஓடிபி அவருக்குப் போகும். கடைசியில் ஒரு கடன் பத்திரம் வந்தது. அவர் தொழிலுக்காக வாங்கிய கடன், ஜாமீன்தாரர் என்ற இடத்தில் அக்காவின் கையெழுத்து. "இத்தனை வருஷத்துல நான் கையெழுத்து போட்டது இது ஒண்ணுக்குத்தான்டி" என்றாள்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். விவாகரத்தான பெண் பணத்துக்குத் திண்டாடினால், அவளுக்குக் கணக்கு வழக்கு தெரியவில்லை, இனிமேலாவது சிக்கனமாக இருக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு அது தப்பு என்றுதான் படுகிறது. இந்தச் சரிவு திருமணம் நடந்துகொண்டிருந்த வருஷங்களிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது, கணக்கு முடிக்கும் நாளில்தான் கண்ணில் படுகிறது. அது எங்கிருந்து வந்தது என்று புரிந்தால்தான் எதை முதலில் சரிசெய்வது என்பதும் புரியும், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்தச் சரிவு எவ்வளவு என்பதிலேயே பெரிய குழப்பம் நடந்திருக்கிறது. 1985இல் லெனோர் வைட்ஸ்மன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், விவாகரத்துக்குப் பின் முதல் வருஷத்தில் பெண்ணின் வாழ்க்கைத்தரம் 73% விழுகிறது, ஆணுடையது 42% ஏறுகிறது என்று எழுதினார். அந்த எண் காட்டுத்தீ மாதிரி பரவி, நீதிமன்றத் தீர்ப்புகளில்கூட இடம்பிடித்தது. பதினோரு வருஷம் கழித்து, 1996இல், ரிச்சர்ட் பீட்டர்சன் என்ற ஆய்வாளர் அதே தரவை வாங்கி மறுபடி கணக்குப் போட்டார். வந்தது 27% சரிவும் 10% ஏற்றமும்தான். முதல் எண் தப்பு என்றதும், பார்த்தீர்களா, எல்லாமே மிகைப்படுத்தல்தான் என்று பேசியவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் ஒட்டவே இல்லை. 27 என்பதே ஒரு குடும்பத்தின் செலவில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். உங்கள் மாதச் செலவில் அவ்வளவை இன்றைக்கே வெட்டச் சொன்னால் எதை விடுவீர்கள்?

சரி, ஏன் விழுகிறது? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டில் எத்தனை பேர் இருந்தால் எவ்வளவு தேவை என்பதை ஒப்பிட ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. முதல் பெரியவருக்கு 1, இரண்டாவது பெரியவருக்கு 0.5, 14 வயதுக்குக் கீழ் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் 0.3. ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே மின் இணைப்பு என்பதால் இரண்டாவது ஆளுக்குத் தேவை பாதியாகக் குறைகிறது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்றால் மொத்தம் 2.1. வீட்டு வருமானம் 100 என்று வைத்துக்கொள்வோம், அவர் 70 சம்பாதிக்கிறார், அவள் 30. 100ஐ 2.1ஆல் வகுத்தால் ஆளுக்கு ஏறக்குறைய 48 என்ற தரத்தில் வாழ்கிறார்கள்.

இப்போது பிரிகிறார்கள், குழந்தைகள் அம்மாவிடம். அவர் வீட்டின் தேவை 1, அவள் வீட்டின் தேவை 1.6. பணம் எதுவும் கைமாறவில்லை என்றால் அவர் 70இல் இருப்பார், அவள் 30ஐ 1.6ஆல் வகுத்து 19இல் இருப்பாள். ரொம்ப நியாயமாக, அவர் 20 கொடுத்து இரண்டு பேருக்கும் கையில் சரியாக 50, 50 என்று ஆக்கினாலும் அவர் 50இல் இருப்பார், அவள் 31இல்தான். சரிபாதி பிரித்தாயிற்று, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனாலும் அவள் தரம் மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது, அவருடையது கொஞ்சம் ஏறியிருக்கிறது. பழைய 48லேயே அவளும் பிள்ளைகளும் இருக்க வேண்டுமென்றால் அவள் வீட்டுக்கு மட்டும் 76 வேண்டும். அந்த 76ஐ எந்தச் சிக்கனமும் உருவாக்காது. காபியைக் குறை, துணி வாங்காதே என்கிற அறிவுரை எல்லாம் இந்த ஓட்டையை அடைக்கவே அடைக்காது, அதனால்தான் அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

கணக்கில் ஆரம்பத்திலேயே அவள் ஏன் 30, அவர் ஏன் 70 என்ற கேள்வியும் இருக்கிறது. 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் ஆண், பெண் வருமான இடைவெளியைத்தான் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். இன்றைய வருமான வித்தியாசத்தின் பெரும்பகுதி ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில்தான், அது பெரும்பாலும் முதல் குழந்தையோடு பிறக்கிறது என்று அவர் காட்டினார். டென்மார்க் போன்ற, குழந்தைப் பராமரிப்பு வசதிகள் நன்றாக உள்ள நாட்டிலேயே, குழந்தை பிறந்த பின் பெண்ணின் வருமானம் ஆணோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 20% பின்தங்கி, பல வருஷம் கழித்தும் அங்கேயே நிற்கிறது என்று ஹென்ரிக் கிளெவன் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதாவது ஒருவர் நேரம் பார்க்காமல் உழைத்து மேலே போக, இன்னொருவர் நேரத்தை விட்டுக்கொடுத்தார். சேர்ந்து இருக்கும்வரை அந்த உயர்வின் பலன் இரண்டு பேருக்கும் வந்தது. பிரிந்ததும் பதவி, அனுபவம், சம்பள வரலாறு எல்லாம் அவரோடு போய்விடுகின்றன. வீட்டையும் வண்டியையும் பிரிக்கலாம், ஒருவருடைய சம்பாதிக்கும் திறனை எப்படிப் பிரிப்பது?

நீதிமன்றங்கள் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஒப்புக்கொண்டன. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு ஒயிட் எதிர் ஒயிட் என்ற வழக்கில், விவசாயத் தொழிலை முப்பது வருஷத்துக்கும் மேல் சேர்ந்து நடத்திய ஒரு தம்பதிக்கு இடையே தீர்ப்பளித்த பிரபுக்கள் சபை (அப்போது அதுதான் அங்கே உச்ச மேல்முறையீட்டு மன்றம்), சம்பாதித்தவரையும் வீட்டைப் பார்த்துக்கொண்டவரையும் பாகுபடுத்தக்கூடாது, எந்தப் பங்கீட்டையும் சமபங்கு என்ற அளவுகோலில் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்றது. அதற்கு முன்பு மனைவியின் நியாயமான தேவைக்கு எவ்வளவு போதும் என்றுதான் பார்த்துவந்தார்கள். பெரிய மாற்றம்தான், ஆனால் சொத்து நிறைய உள்ளவர்களுக்குத்தான் அது பெரிதாக உதவும். பிரிக்க ஒன்றுமே இல்லாத, சம்பளத்தை மட்டும் நம்பிய குடும்பத்தில் பிரச்சினை அப்படியேதான் நிற்கிறது.

இனி முதல் சில மாதங்கள். இங்கே பணம் சம்பாதிப்பதைவிட, இருக்கும் பணமும் பெயரும் கசியாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். தனக்கு மட்டுமேயான ஒரு வங்கிக் கணக்கு, அதில் தன் போன் நம்பர், தன் மின்னஞ்சல். கேட்டால் சாதாரணம், ஆனால் அக்காவுக்கு இதை முடிக்கவே ஒன்றரை மாதம் ஆனது, ஏனென்றால் நம்பரை மாற்றும் விண்ணப்பத்தை உறுதிசெய்யும் ஓடிபியும் பழைய நம்பருக்கே போனது. பழைய கணக்கோடு மல்லுக்கட்டாமல் புதிதாக ஒன்று திறந்திருக்கலாம் என்று பிறகுதான் எங்களுக்குத் தோன்றியது. பாஸ்வேர்ட்களையும் மாற்ற வேண்டும், மின்னஞ்சலில் இருந்து தொடங்கி, ஏனென்றால் மற்ற எல்லாப் பாஸ்வேர்டையும் அதன் வழியாகத்தான் மாற்ற முடியும்.

அடுத்தது கூட்டுக் கடன். இதில் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். இந்தக் கடனை அவர் கட்டுவார் என்று விவாகரத்து உத்தரவில் எழுதியிருக்கலாம். அது அவர்கள் இருவருக்கும் நடுவே உள்ள ஏற்பாடு. கடன் கொடுத்த வங்கி அந்த வழக்கில் ஒரு தரப்பே இல்லை, அதற்கு வேண்டியது பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். அவர் தவணையை விட்டால் வங்கி அவளைத் தேடி வரும், அவளுடைய கடன் மதிப்பெண்ணும் சேர்ந்து விழும், பிறகு அவள் வாடகைக்கு வீடு பார்ப்பதிலிருந்து தொழில் கடன் கேட்பது வரை அது குறுக்கே நிற்கும். அதனால் முடிந்தால் பிரிவதற்கு முன்பே சொத்தை விற்றாவது கூட்டுக் கடனை அடைத்துவிடுவது, இல்லையென்றால் அவர் பெயருக்கு மட்டும் புதுக் கடனாக மாற்றி இவளை விடுவித்ததாக வங்கியிடமிருந்து எழுத்தில் வாங்குவது. வாய்வார்த்தைக்கு இங்கே மதிப்பே இல்லை.

நாமினி விஷயத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர் 1974இல் தன் சேமிப்புத் திட்டத்துக்கு மனைவியை நாமினியாகப் போட்டார். 1994இல் விவாகரத்து, அந்தப் பணத்தில் தனக்கு உரிமை வேண்டாம் என்று மனைவி அதில் விட்டுக்கொடுத்தும் விட்டார். 2001இல் அவர் இறந்தபோது நாமினி படிவம் மட்டும் பழையபடியே இருந்தது. சுமார் 4 லட்சம் டாலர் முன்னாள் மனைவிக்கே போனது, மகள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார், 2009இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகப் படிவத்தில் இருப்பதுதான் செல்லும் என்றார்கள். நாட்டுக்கு நாடு விதி மாறும், சில இடங்களில் விவாகரத்தானதும் பழைய நியமனம் தானாக ரத்தாகும். ஆனால் ரத்தாகியிருக்கும் என்று நம்பி உட்காராமல் காப்பீடு, வைப்பு நிதி, ஓய்வூதியம், உயில் என்று எல்லாவற்றையும் அவளே ஒரு தடவை திறந்து பார்த்துவிடுவது நல்லது. தனக்கு ஏதாவது ஆனால் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம் அது.

சில பெண்களுக்கு இந்தக் காகித வேலையே பயமாக இருக்கும், அதற்குக் காரணமும் இருக்கும். செலவுக்குக் கைநீட்ட வைப்பது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, அவள் பெயரில் அவளுக்குத் தெரியாமல் கடன் வாங்குவது எல்லாமே வன்முறைதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் பொருளாதார ரீதியான துன்புறுத்தலைக் குடும்ப வன்முறையின் ஒரு வடிவமாகவே எழுதிவைத்தது. இருபது வருஷம் பணத்தைத் தொடவே விடாமல் வைத்திருந்துவிட்டு, பிறகு அவளுக்குப் பணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்.

வீட்டை வைத்துக்கொள்வதா என்பது உணர்ச்சி கலந்த முடிவு, அதனால்தான் கஷ்டம். பிள்ளைகள் வளர்ந்த வீடு, பள்ளிக்கூடம் பக்கம், விட மனசு வராது. அதனால் பல பெண்கள், வீட்டை எனக்குக் கொடுங்கள், ஓய்வூதியத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று முடித்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் காகிதத்தில் ஒரே மதிப்பு இருக்கலாம். ஆனால் வீடு மாதாமாதம் பணம் கேட்கும், வரி, பழுது, தவணை என்று. ஓய்வூதியம் மாதாமாதம் பணம் கொடுக்கும். வீட்டை அவள் ஒருத்தி சம்பளத்தில் தாங்க முடியுமா என்று ஒரு வருஷச் செலவை எழுதிப் பார்த்தபிறகுதான் முடிவெடுக்க வேண்டும். தாங்க முடியாமல் இரண்டு வருஷம் கழித்து அவசரத்தில் விற்றவர்களுக்குக் கிடைத்த விலை எப்போதும் குறைவாகத்தான் இருந்திருக்கிறது.

வேலைக்கு வருவோம். மேலே போட்ட கணக்கில் 31ஐ 48 பக்கம் நகர்த்தக்கூடிய ஒரே விஷயம் அவளுடைய சொந்த வருமானம்தான். ஆனால் வருஷக்கணக்கில் வீட்டில் இருந்தவளை வேலைச் சந்தை எப்படிப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. கேட் வைஷார் என்ற சமூகவியலாளர் 2018இல் வெளியிட்ட ஆய்வுக்காக, அமெரிக்காவில் வேலைகளுக்குக் கற்பனையான விண்ணப்பங்களை அனுப்பினார். தகுதி எல்லாம் ஒன்றுதான். வேலையில் இருக்கும் தாய் என்று போட்ட விண்ணப்பங்களில் சுமார் 15 விழுக்காட்டுக்கு அழைப்பு வந்தது. வேலை போய்விட்டது என்று போட்டவற்றுக்குச் சுமார் 10. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தேன் என்று போட்டவற்றுக்குச் சுமார் 5. இடைவெளியின் நீளம் ஒன்றேதான், அதற்குச் சொன்ன காரணம் மட்டும் அழைப்பைப் பாதியாக்குகிறது. விரும்பி விட்டுப்போனவள் மறுபடியும் விட்டுப்போவாள் என்ற சந்தேகம்.

இதை மாற்ற அவள் பொய் சொல்ல வேண்டியதில்லை. ரெஸ்யூமேயில் முதலில் கண்ணில் படுவது இடைவெளிக்குப் பிறகான ஏதாவது ஒன்றாக இருக்க வேண்டும், அது மூன்று மாதப் பயிற்சியாக இருக்கலாம், பகுதி நேர வேலையாக இருக்கலாம், ஒரு சங்கத்துக்கு வருஷக் கணக்கு எழுதிக் கொடுத்ததாக இருக்கலாம். அக்கா இருபது விண்ணப்பம் போட்டு ஒன்றுக்கும் பதில் வராமல் சோர்ந்திருந்தாள். பிறகு தெரிந்தவர் ஒருவரின் சின்ன அலுவலகத்தில் வாரத்துக்கு மூன்று நாள் பில் போடும் வேலை, சம்பளம் என்று சொல்லிக்கொள்ளவே முடியாத தொகை. ஐந்து மாதம் பார்த்தாள். அடுத்த விண்ணப்பத்தில் அதை முதல் வரியாகப் போட்டதும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இடைவெளியைப் பற்றிக் கேட்டபோது, வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது முழுநேரமாக வேலைக்கு வந்துவிட்டேன் என்று இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டு வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். விவாகரத்து என்ற சொல்லையே எடுக்கவில்லை, எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

பெரிய நிறுவனங்களில் இடைவெளிக்குப் பின் திரும்புபவர்களுக்கென்றே சில மாதப் பயிற்சி வேலைகள் உண்டு, 2008இல் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி ஆரம்பித்த திட்டம் இதில் முன்னோடி. கிடைத்தால் நல்லது. விலை உயர்ந்த படிப்புகளில்தான் எனக்குத் தயக்கம். புதிதாக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற பதற்றத்தில், கையில் வந்த பணத்தில் பெரும்பகுதியைச் சான்றிதழ் படிப்பில் கொட்டிவிடுவது நடக்கிறது. அந்தப் படிப்பு முடித்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, இதனால் உங்களுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்காமல் ஒரு காசு கட்ட வேண்டாம்.

ஜீவனாம்சம் வருகிறதென்றால் அது வரும்வரை வரும் பணம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வேலை போகலாம், உடம்புக்கு முடியாமல் போகலாம், பல நாடுகளில் அவள் மறுமணம் செய்தால் அது நின்றுவிடும். வாடகையும் சாப்பாடும் தன் சம்பளத்தில், ஜீவனாம்சம் சேமிப்புக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் என்று பிரித்துக்கொள்ள முடிந்தவர்கள், அது தாமதமாகும் மாதத்தில் தூக்கத்தை இழக்கவில்லை. எல்லாருக்கும் இது முடியாது, தெரியும். முதல் வருஷத்தில் அக்காவுக்கும் முடியவில்லை. அப்புறம், கொடுப்பவர் பெயரில் ஒரு ஆயுள் காப்பீடு எடுக்க வைத்து அதன் பலன் தனக்கு வரும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பது சில நாடுகளில் வழக்கமாகவே இருக்கிறது. வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வி இது, பெரும்பாலானவர்களுக்குக் கேட்கத் தோன்றுவதே இல்லை.

முதுமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கோ அதுதான் அதிகக் கவலை. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2012இல் வெளியிட்ட அறிக்கையில், 50 வயதுக்குப் பின் விவாகரத்தான பெண்களின் குடும்ப வருமானம் சராசரியாக 41% குறைந்தது, ஆண்களுக்குக் குறைந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஜெர்மனித் தரவை வைத்து தோமஸ் லியோபோல்ட் 2018இல் எழுதிய ஆய்வில் இன்னொரு விஷயம் இருக்கிறது: பிரிந்த உடனே மனதளவில் அதிகம் துவள்வது ஆண்கள்தான், ஆனால் அது சில வருஷத்தில் ஆறிவிடுகிறது, பெண்களின் பண நஷ்டம்தான் ஆறாமல் நீடிக்கிறது.

அதனால்தான் ஓய்வூதியத்தைப் பிரிக்கும் சட்டங்கள் முக்கியம். ஜெர்மனியில் 1977 முதல், திருமண காலத்தில் இருவரும் சேர்த்த ஓய்வூதிய உரிமைகளைப் பொதுவாகச் சரிசமமாகப் பிரிக்கிறார்கள். இங்கிலாந்தில் 2000 டிசம்பர் முதல் தனியார் ஓய்வூதியத்தைப் பிரித்து மனைவி பெயரிலேயே மாற்ற முடியும். அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் திருமணம் 10 வருஷம் நீடித்திருந்தால், மறுமணம் செய்யாத முன்னாள் மனைவி 62 வயதிலிருந்து அவருடைய கணக்கின் அடிப்படையில் பணம் கேட்கலாம், அதனால் அவருக்கு ஒரு காசும் குறையாது. 9 வருஷம் 11 மாதத்தில் முடிந்த திருமணத்துக்கு இது கிடையாது. ஒரு மாதத்தில் ஒரு முதுமைக்கால வருமானமே போய்விடுகிறது, அதுவும் தேதி தெரியாத ஒரே காரணத்துக்காக.

சட்டம் கொடுக்காத இடத்தில் அவளே ஆரம்பிக்க வேண்டியதுதான். எத்தனை வருஷத்தில் பணம் இரட்டிப்பாகும் என்பதற்கு 72ஐ வட்டி விகிதத்தால் வகுக்கும் பழைய குறுக்குவழி ஒன்று உண்டு. 6% என்றால் 12 வருஷம். 43 வயதில் போட்ட தொகை 55இல் இரண்டு மடங்கு, 67இல் நான்கு மடங்கு. அதே தொகையை 55இல் போட்டால் 67இல் இரண்டு மடங்குதான். பிள்ளைகள் படிப்பு முடியட்டும், அப்புறம் எனக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் ஒவ்வொரு அம்மாவும் அந்த இன்னொரு இரட்டிப்பைத்தான் விட்டுக்கொடுக்கிறாள். சின்னத் தொகையாக இருந்தாலும் பரவாயில்லை, தவணைகளோடு சேர்த்து அதையும் மாதத்தின் முதல் வாரத்திலேயே எடுத்து வைத்துவிட வேண்டும்.

பிறந்த வீட்டு உதவியைப் பற்றி ஒரு வார்த்தை. சொந்தக் காலில் நிற்பது என்றால் யார் உதவியையும் வாங்கக்கூடாது என்று சில பெண்கள் பிடிவாதமாக இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வாங்குங்கள். ஆனால் அது கடனா, கொடையா, எப்போது திருப்ப வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். நானும் அக்காவும் அப்படித்தான் எழுதினோம். எழுதும்போது சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் அதற்கப்புறம் அவள் வீட்டில் என்ன வாங்கினாள், எங்கே போனாள் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லாமல் போனது, அது இரண்டு பேருக்குமே நிம்மதி.

அந்த ஜாமீன் கையெழுத்திலிருந்து அவளை விடுவித்த கடிதம் மூன்றாவது வருஷக் கடைசியில்தான் வந்தது, எத்தனையோ விண்ணப்பங்களுக்கும் நினைவூட்டல்களுக்கும் பிறகு. அதை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அடுத்த வாரம் நான் போயிருந்தபோது அதே அட்டைப்பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே அது இருந்தது, பக்கத்தில் அவள் பெயரில் தொடங்கிய ஓய்வூதியக் கணக்கின் முதல் ரசீதும்.